3-3 என்றால் வாழை இலைச் சாப்பாட்டுக்கு யார் காசு கொடுப்பது?

செம்பனைத்தம்பி:

வணக்கம் மக்களே. ஒரு பஞ்சாயத்து. சிரிக்காமல் படியுங்கள், 200 வெள்ளி (ரிங்கிட்) விஷயம்.

நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தையில். பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கும், ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சுற்றிலும் செம்பனைத் தோட்டம், நடுவில் ஒரு வரிசைக் கடை, அதன் ஓரத்தில் ஓர் அக்காவின் ஒட்டுக்கடை. நானும் என் தாய்மாமாவும் தினமும் உட்காருகிற இடம் அது. மாமா முப்பது வருடம் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர், இப்போது ஓய்வு. அவருடைய பொழுதுபோக்கு, இந்தியா தோற்கும் என்று சொல்வது. இந்தியாமேல் அவருக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. நான் ஒன்று சொன்னால் அவர் இன்னொன்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

2025 தீபாவளிக்கு முந்தின நாள், அக்டோபர் 19, பெர்த்தில் முதல் ஒருநாள் ஆட்டம். பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரம், பகல் பதினொன்றரைக்கு ஆரம்பம். வீட்டில் முறுக்கு சுடுகிறார்கள், ஆம்பிளைகள் எல்லாம் கடைக்குத் தப்பி வந்துவிட்டோம். டாஸ் போடுவதற்கு முன்னால் வாய் சும்மா இருக்காமல் நான் சொன்ன வார்த்தை இதுதான்: "மாமா, இந்த ஆஸ்திரேலியா டூரை இந்தியாதான் ஜெயிக்கும்." அவர் சொன்னது: "ஜெயிச்சா எட்டுப் பேருக்கு வாழை இலைச் சாப்பாடு, மட்டன் பிரட்டலோட, என் கணக்கு. தோத்தா உன் கணக்கு." கடை அக்கா சாட்சி. ஒருநாளா, டி20-யா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கோளாறு அங்கேதான்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். பெர்த்தில் மழை, 26 ஓவராகக் குறைத்தார்கள், 7 விக்கெட்டில் தோல்வி. கோலி பூஜ்ஜியம். அடிலெய்டில் 2 விக்கெட்டில் தோல்வி, கோலி மறுபடி பூஜ்ஜியம், மாமா அன்றைக்கு எனக்கே தே தாரிக் வாங்கிக் கொடுத்தார், அந்த அளவுக்குச் சந்தோஷம். சிட்னியில் ரோகித் 121, கோலி 74, இரண்டு பேரும் அவுட் ஆகாமல் 9 விக்கெட்டில் முடித்தார்கள். ஒருநாள் தொடர் 1-2. டி20-யில் கேன்பராவில் மழை, மெல்பர்னில் தோல்வி, ஹோபார்ட்டிலும் கோல்ட் கோஸ்டிலும் வெற்றி. நேற்று பிரிஸ்பேனில் கடைசி ஆட்டம். 4.5 ஓவர்தான் ஆகியிருந்தது, இந்தியா விக்கெட் போகாமல் 52, படம் நின்றுவிட்டது. வெளியில் எங்கள் ஊரிலும் இடியும் மழையும், டிஷ்தான் போய்விட்டது என்று மாமா வெளியே போய்த் தட்டிப் பார்த்துவிட்டு நனைந்து வந்தார். போனில் பார்த்தால் அங்கேயும் மின்னல், மழை, ஆட்டம் ரத்து. டி20 தொடர் 2-1.

ஆக ஒன்று அவர்களுக்கு, ஒன்று நமக்கு. ஆட்டக் கணக்கில் பார்த்தாலும் 3-3. இந்த டூரை யார் ஜெயித்தது? பாதிப் பாதி கொடுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை அக்கா நேற்றே சொல்லிவிட்டார், இரண்டு பேரும் கேட்கவில்லை.


லெக்பிரேக்:

பந்தயமே செல்லாது. டூர் என்று ஒரு கோப்பை கிடையாது தம்பி. இரண்டு தொடர், இரண்டு கோப்பை, இரண்டு கேப்டன். ஒருநாளுக்கு கில், அதுவும் அவர் ஒருநாள் கேப்டனாகப் போன முதல் தொடர். டி20-க்குச் சூர்யகுமார். ரோகித்தும் கோலியும் மூன்றே மூன்று ஆட்டத்துக்காகத்தான் விமானம் ஏறினார்கள். அவர்கள் இரண்டு பேரும் டி20-யை 2024 உலகக் கோப்பையோடு விட்டுவிட்டார்கள், டெஸ்டையும் இந்த வருடம் மே மாதத்தில் விட்டுவிட்டார்கள், மிச்சம் இருப்பது ஒருநாள் மட்டும். கில், அக்‌ஷர், அர்ஷ்தீப், ஹர்ஷித், வாஷிங்டன் சுந்தர் மாதிரி சிலர் இரண்டு அணியிலும் இருந்தார்கள் என்பதால் ஒரே டீம் மாதிரித் தெரிகிறது.

ஆட்டமே வேறு. ஒருநாளில் 34 ஓவர் வரைக்கும் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு புதுப் பந்து, அதற்கப்புறம் அந்த இரண்டில் ஒன்றை வைத்துக் கடைசிவரை போட வேண்டும். இந்த வருடம் ஜூலையில் வந்த விதி. டி20-யில் தொடக்கம் முதல் ஒரே பந்து. இரண்டையும் கூட்டி ஒரு முடிவு சொல்வது, தோட்டத்து காற்பந்துப் போட்டியின் கோலையும் சடுகுடுப் புள்ளியையும் கூட்டுகிற மாதிரி.

நீங்கள் அன்றைக்கே எந்தத் தொடர் என்று கேட்டிருக்க வேண்டும். லோரி ஓட்டியவருக்கு எந்த டன் எந்தக் கணக்கில் ஏறும் என்று நன்றாகவே தெரியும். வேண்டுமென்றே கேட்காமல் விட்டிருப்பார்.


பழையகிராணி:

நான் ஈஜோக் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். கணக்கு இருக்கும்போது சண்டை எதற்கு.

முடிவு வந்த ஆறு ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். இந்தியா ஒருநாளில் 136, 264, 237. மொத்தம் 637. ஆஸ்திரேலியா 131, 265, 236. மொத்தம் 632. டி20-யில் இந்தியா 125, 188, 167, மொத்தம் 480. ஆஸ்திரேலியா 126, 186, 119, மொத்தம் 431. இரண்டையும் சேர்த்தால் இந்தியா 1117, ஆஸ்திரேலியா 1063. 54 ஓட்டம் அதிகம். விழுந்த விக்கெட்டும் எண்ணினேன். இந்தியாவுக்கு 42, ஆஸ்திரேலியாவுக்கு 43. எந்தப் பக்கம் திருப்பினாலும் இந்தியாதான் மேலே. மாமாவிடம் இந்தத் தாளைக் காட்டுங்கள், மட்டன் பிரட்டலை ஆர்டர் பண்ணுங்கள்.


லெக்பிரேக்:

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்தக் கூட்டல் தப்பு. இரண்டாவதாக ஆடுகிற அணி இலக்கைத் தொட்டதும் பேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விடுகிறது. மெல்பர்னில் ஆஸ்திரேலியா 126 எடுத்தபோது 40 பந்து பாக்கி. அதையும் ஆடியிருந்தால் உங்கள் 54 அங்கேயே கரைந்திருக்கும். சிட்னியில் இந்தியாவுக்கு 69 பந்து பாக்கி, கையில் ஒன்பது விக்கெட், எதிரில் ரோகித். அதை என்ன என்று எழுதுவீர்கள்? பெர்த்தில் இன்னும் மோசம். இந்தியா அடித்தது 136, மழைக் கணக்குப்படி ஆஸ்திரேலியாவுக்குக் கொடுத்த இலக்கே 131. அதைத் தொட்டதும் ஆட்டம் முடிந்தது, அதற்குமேல் ஆட அவர்களுக்கு வழியே இல்லை. நீங்கள் அதை ஐந்து ஓட்டம் குறைவு என்று பேரேட்டில் எழுதிவிட்டீர்கள்.

சேஸ் பண்ணி ஜெயித்த டீமின் ஓட்டத்தைக் கூட்டலில் போடவே கூடாது. முதலில் ஆடி ஜெயித்தது இந்த டூரில் ஒரே ஆட்டம், கோல்ட் கோஸ்ட். மற்ற ஐந்தும் சேஸ்.


பழையகிராணி:

தம்பி சொல்வது சரி. எனக்கு இது தெரியாமல் இல்லை, ஆசைதான். மழைக் கணக்கில் நான் ஏற்கனவே அடி வாங்கியவன்.

2006 செப்டம்பர், பூச்சோங் கின்ராரா ஓவலுக்கு இந்தியா, ஆஸ்திரேலியா, வெஸ்ட் இண்டீஸ் மூன்று அணியும் வந்தன. நம் நாட்டு மண்ணில் டெண்டுல்கர்! ஒரு காலத்தில் கின்ராரா என்றாலே பால்மரத் தோட்டம், அங்கே போய் வெள்ளைப் பந்தில் ஒருநாள் ஆட்டம் பார்ப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். லீவு போட்டுவிட்டுப் போனேன். 14-ஆம் தேதி வெஸ்ட் இண்டீஸோடு ஆட்டம். டெண்டுல்கர் தோள்பட்டை அறுவைச் சிகிச்சை முடிந்து வந்த நேரம், 141, அவுட் இல்லை. இந்தியா 309. இதற்குமேல் என்ன வேண்டும், ஜெயித்தாகிவிட்டது என்று பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டோம். சாயங்காலம் வானம் இருண்டது. சிலாங்கூர் மழைக்கு டெண்டுல்கர் யார் என்று தெரியுமா? வெஸ்ட் இண்டீஸ் 20 ஓவரில் 2 விக்கெட்டுக்கு 141. டக்வொர்த் லூயிஸ் என்ற மழைக் கணக்கில் 29 ஓட்டத்தில் அவர்கள் ஜெயித்தார்கள். ஒரு மனுசன் தனியாக 141, எதிர் அணி மொத்தமாக 141, ஜெயித்தது எதிர் அணி. எந்தப் பேரேட்டில் இதை எழுத?

நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு நின்றது இன்னும் நினைவிருக்கிறது. அந்த மைதானமும் இப்போது கிரிக்கெட்டுக்கு இல்லை.


முறுக்குக்காரி:

ஆம்பிளைகள் எல்லாம் கடைக்குத் தப்பி வந்துவிட்டோம் என்று எழுதியிருக்கிறாயே தம்பி, அந்த முறுக்கை யார் சுட்டது? நானும் அன்றைக்கு அதே பெர்த் ஆட்டத்தைத்தான் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு மறு கண்ணால் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தேன். மழைக்கு நிறுத்தி நிறுத்தி ஆடியதில் எனக்குத்தான் வசதி, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இரண்டு ஈடு எடுத்தேன்.

டூருக்குக் கோப்பை இல்லை என்று லெக்பிரேக் சொன்னது ஆண்கள் கிரிக்கெட்டுக்குத்தான் சரி. இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதுகிற பெண்கள் ஆஷஸில் 2013-லிருந்து எல்லா வகை ஆட்டத்தையும் சேர்த்துப் புள்ளி போடுகிறார்கள். இப்போது டெஸ்டுக்கு 4, ஒருநாள் ஆட்டத்துக்கு 2, டி20-க்கும் 2. மழையில் போனால் ஆளுக்கு 1. இந்தியப் பெண்கள் 2021-ல் ஆஸ்திரேலியா போனபோதும் இதே முறைதான், ஆஸ்திரேலியா 11-5 என்று ஜெயித்தது. மூன்று வகையும் ஒரே டூர், ஒரே கணக்கு. பெண்களுக்கு ஒரே பையில் எல்லாவற்றையும் போட்டுத் தூக்கிப் பழக்கம்.

சரி, உன் பந்தயத்துக்கு இதைப் போட்டுப் பார்த்தேன். மூன்று வெற்றிக்கு 6, ரத்தான இரண்டு ஆட்டத்துக்கு 2, இந்தியா 8. ஆஸ்திரேலியாவும் 8. போ!

இதோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் ஆஸ்திரேலியாவுக்குப் போன டூரைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்த வருடம் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் டி20 உலகக் கோப்பை நம் நாட்டில்தான் நடந்தது, யார் போனீர்கள்? நான் கிள்ளான்காரி, பாயுமாஸ் ஓவல் வீட்டிலிருந்து பக்கம். அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக இந்தியாவுக்கு ஆடிய மதுரைப் பெண் கமலினி 56, அவுட் இல்லை. ஸ்டம்புக்குப் பின்னால் நின்றுகொண்டு அந்தப் பெண் கத்துவது கம்பிக்கு இந்தப் பக்கம் கேட்கும். இறுதியில் தென்னாப்பிரிக்கா 82-க்கு ஆல் அவுட், இந்தியாவின் திரிஷா பந்திலும் மூன்று விக்கெட், பேட்டிலும் 44, இந்தியா 9 விக்கெட்டில் முடித்தது. நம் மலேசியப் பிள்ளைகள் இந்தியாவோடு ஆடி 31-க்கு அவுட் ஆனார்கள், வைஷ்ணவி 5 ஓட்டத்துக்கு 5 விக்கெட். பாவமாக இருந்தது, ஆனாலும் அவர்களுக்கும் சேர்த்துத்தான் கை தட்டினேன்.


சேலத்தார்பேரன்:

மூன்று நாளாக இந்தத் திரியைப் பார்க்கிறேன், ஒருவருக்கும் 2020 நினைவுக்கு வரவில்லையே. டெஸ்டை விட்டுவிட்டுப் பார்த்தால் அந்த டூரும் இதே 3-3 தான். ஒருநாள் 1-2, டி20 2-1. அச்சு அசல்.

அப்போது நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம், கடையில் கூட்டமாக உட்கார முடியாது, எல்லோரும் வீட்டில். நவம்பர் 27, சிட்னியில் முதல் ஆட்டம், ஆஸ்திரேலியா 374. இரண்டு நாள் கழித்து அதே சிட்னியில் 389. ஸ்மித் இரண்டிலும் 62 பந்தில் நூறு. எங்கள் அப்பா இரண்டாவது ஆட்டத்தில் பாதியிலேயே எழுந்துபோய் கோழிக் கூண்டைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். ஒருநாள் தொடர் அதோடு போய்விட்டது. மூன்றாவது ஆட்டம் கேன்பராவில், டிசம்பர் 2. வெறும் சம்பிரதாய ஆட்டம் என்று யாரும் டிவி முன்னால் வரவில்லை. அதில்தான் நடராஜனுக்குத் தொப்பி கொடுத்து இந்தியாவுக்கு முதல்முறையாக இறக்கினார்கள்.

அவர் எப்படி அங்கே போனார் என்று பாருங்கள். முதலில் டீமிலேயே இல்லை, வலைப்பயிற்சியில் பந்து போட அழைத்துப் போன ஆள். டி20-க்கு எடுத்த வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம், அந்த இடத்துக்கு இவர். அப்புறம் ஒருநாள் அணியிலும் சேர்த்தார்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி, அம்மா சாலையோரம் கடை போட்டுப் பிள்ளைகளை வளர்த்தவர். எங்கள் தாத்தா சேலத்துப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து பால்மரம் சீவியவர், சின்னப்பம்பட்டியை நான் பார்த்ததுகூடக் கிடையாது, ஆனால் டிவியில் அந்தப் பெயரைச் சொன்னதும் அப்பா கோழிக் கூண்டை விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றார். முதல் விக்கெட் லபுஷேன், உள்ளே இழுத்துக்கொண்டு ஸ்டம்பில். அப்பா ஒன்றும் பேசவில்லை, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வைதான் என்றார்.

இந்தியா அந்த ஆட்டத்தை 13 ஓட்டத்தில் ஜெயித்தது. டி20 முதல் ஆட்டத்தில் அவருக்கு மூன்று, இரண்டாவதில் எல்லோரும் அடி வாங்கிய பிட்சில் நான்கு ஓவருக்கு 20 ஓட்டம்தான், இரண்டு விக்கெட். தொடர் நாயகன் கோப்பையை வாங்கிய ஹர்திக் அதை அவர் கையில் கொடுத்தார். டூர் முடிவதற்குள் பிரிஸ்பேன் டெஸ்டிலும் ஆடிவிட்டார். வலையில் பந்து போடப் போன மனிதன் ஒரே டூரில் மூன்று வகையிலும் அறிமுகம், இந்தியாவில் அவருக்கு முன் யாரும் அப்படி இல்லை. டூருக்குச் சற்று முன்னால் ஐபிஎல் ஆடிக்கொண்டிருந்தபோது அவருக்கு மகள் பிறந்தாள், ஊருக்குப் போகாமல் நேரே ஆஸ்திரேலியாவுக்குப் போனார்.

அந்த டூரை 1-2 என்றோ 2-1 என்றோ எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. "நடராஜன் போன டூர்" என்பார்கள். இந்த வருடமும் பாருங்கள், ஹோபார்ட்டில் வாஷிங்டனுக்கு ஓர் ஓவர்கூடக் கொடுக்கவில்லை, பேட்டை எடுத்துக்கொண்டு வந்து 23 பந்தில் 49. அடுத்த ஆட்டத்தில் பந்து கிடைத்தது, எட்டே பந்து போட்டு 3 ஓட்டத்துக்கு 3 விக்கெட். 2020-ல் காயத்தில் வாய்ப்பை விட்ட அதே வருண் இந்த முறை முக்கியப் பந்துவீச்சாளர். தம்பி, என் தீர்ப்பு: மாமா காசு கொடுக்கட்டும். கணக்குப் பார்த்துச் சொல்லவில்லை, எனக்கு வாஷிங்டனைப் பிடிக்கும்.


லோரிமாமா:

நான்தான் அந்த மாமா. மகள் டைப் பண்ணுகிறாள், நான் சொல்கிறேன்.

கிராணியாரே, உங்கள் தாளை என் மருமகன் காட்டினான், அதில் மீன் பொரித்த எண்ணெயை வடித்துவிட்டேன், மன்னிக்கவும். லெக்பிரேக் தம்பி, நான் வேண்டுமென்றே கேட்காமல் விட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம்.

இப்போது நியாயத்தைக் கேளுங்கள். மெல்பர்னில் ஆஸ்திரேலியாவின் வேகப் பந்துவீச்சாளர் ஹேசல்வுட் நான்கு ஓவர் போட்டார், 13 ஓட்டம், 3 விக்கெட். இந்தியா 125-க்குச் சுருண்டது. அபிஷேக் பையன் 68 அடிக்காமல் இருந்திருந்தால் நூறே தேறியிருக்காது. அதோடு ஹேசல்வுட்டை ஆஷஸுக்குத் தயாராகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆட்டம் முடிந்ததும் தொடக்க ஆட்டக்காரர் ஹெட்டையும் அனுப்பிவிட்டார்கள். ஹேசல்வுட் இருந்த ஆட்டங்களில் இந்தியா ஒருநாளில் ஒன்றுதான் ஜெயித்தது, டி20-யில் ஒன்றுகூட இல்லை. நல்ல டிரைவரை இறக்கிவிட்டு, லோரி பள்ளத்தில் இறங்கியதும் "பார், நான் முந்திவிட்டேன்" என்று ஹார்ன் அடித்தால் அது முந்துவதா?

ஒருநாள் தொடரில் இரண்டு பக்கமும் பெரிய ஆள்கள் பலர் இருந்தார்கள். அதில் ஜெயித்தது ஆஸ்திரேலியா. அதுதான் டூர். டி20 என்பது பசியாறிவிட்டு வெற்றிலை போடுகிற மாதிரி, இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் யாரும் தேட மாட்டார்கள்.


லெக்பிரேக்:

மாமா, இந்தியாவும்தான் குல்தீப்பை ஹோபார்ட் முடிந்ததும் அனுப்பிவிட்டது, டெஸ்டுக்குத் தயாராக இந்திய ஏ அணியில் நான்கு நாள் ஆட்டம் ஆடட்டும் என்று. இரண்டு வீட்டுக்காரனும் ஆளைக் குறைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தான். யாருக்கு டெஸ்ட் முக்கியமோ அவன் டி20-யில் மூச்சு வாங்கிக்கொள்கிறான். அதனால்தான் சொல்கிறேன், பந்தயம் செல்லாது.

ஆனால் "ஆமாம்" என்று ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டீர்கள் பாருங்கள், உங்களோடு ஒரு தே தாரிக் குடிக்க வேண்டும்.


பெயரில்லாதவன்:

எல்லாம் சரி. நம் நாட்டு டீமுக்கு யாராவது ஒரு வெள்ளி பந்தயம் கட்டியிருக்கிறீர்களா?


செம்பனைத்தம்பி:

கட்டியிருக்கிறேன் அண்ணே. தோற்றும் இருக்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் இப்போது குலை வெட்டுகிறவர்களில் பாதிப் பேர் வங்காளதேசத்துக்காரர்கள். பழைய தோட்டத் திடலில் சாயங்காலம் டேப் ஒட்டிய டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுவது அவர்கள்தான், நம் பையன்கள் எல்லாம் காற்பந்து. ஆள் குறைந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டு, கால் இறுதியில் மலேசியாவும் வங்காளதேசமும். அவர்கள் 116 தான். நான் உடனே ஆளுக்கு ஒரு நாசி லெமாக் என்று வாய் விட்டுவிட்டேன். விரன்தீப் சிங் 52 அடித்தார். கடைசி ஓவரில் 5 ஓட்டம் போதும், ஐந்தே ஐந்து! 114-ல் முடிந்தது. 2 ஓட்டத்தில் போனது. பதினோரு நாசி லெமாக், முட்டையோடு. அதை யாரும் இரண்டு தொடரா, மழையா என்று கேட்கவில்லை, மறுநாள் காலையில் வரிசையாக வந்து நின்றார்கள்.


முறுக்குக்காரி:

அப்புறம் என்னதான் ஆனது? சாப்பாடு நடந்ததா இல்லையா? மட்டன் பிரட்டல் என்று சொல்லிவிட்டு ஆளையே காணவில்லை.


செம்பனைத்தம்பி:

நடந்தது அக்கா, நேற்று. தீர்ப்பு வரவில்லை, பசி வந்துவிட்டது.

சேலத்தார்பேரன் எழுதியதை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். நடராஜன் வந்ததும் "நிறுத்து" என்றார், மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். அவருக்கும் அந்த கேன்பரா ஆட்டம் நினைவிருந்தது, அன்றைக்கு அவர் லோரியோடு மில் வாசலில் வரிசையில் நின்றாராம், போனில் பார்த்தாராம். அப்புறம் எழுந்துபோய் அக்காவிடம் எட்டு இலைக்குச் சொல்லிவிட்டு வந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தால் பில் என் முன்னால் இருக்கிறது. "பிரட்டல் என் கணக்கு, இலை உன் கணக்கு" என்றார். பிரித்துப் பார்த்தால் எனக்கு 118 வெள்ளி, அவருக்கு 82. லெக்பிரேக் அண்ணே சொன்னது சரி, எந்த டன் எந்தக் கணக்கில் ஏறும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

அடுத்து தென்னாப்பிரிக்கா இந்தியாவுக்கு வருகிறது, இரண்டு டெஸ்ட், மூன்று ஒருநாள், ஐந்து டி20. மறுபடி பந்தயம். இந்த முறை அக்காவின் கடன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்: டெஸ்ட் தனி, ஒருநாள் தனி, டி20 தனி, மழையில் போன ஆட்டம் யாருக்கும் இல்லை, ஆளை இடையில் அனுப்பினார்கள் என்று பேசக்கூடாது. அக்கா அதை வாங்கிப் படித்துவிட்டு, கீழே அவர் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார். முன்பணம் ஆளுக்கு 100 வெள்ளி, இன்றைக்கே.